அரியலூர்க் கல்லும் அயல்நாட்டுப் பணியாளரும்

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குச் செல்வோர் வீரமாமுனிவரை நினையாமல் திரும்புவதில்லை. 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கிய அவரை இன்று நம்மில் எவரும் அயலவர் என்று கூறுவதில்லை. அதே அரியலூர் மண்ணோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்ட இன்னோர் அயல்நாட்டவரை நாம் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. முனிவர் இறையழைப்பை ஏற்று வந்தவர். இவரோ ஊதியத்திற்கு வேலை பெற்று வந்தவர். வீட்டுக்கு ஒருவர் வேலை தேடிக் கடல் கடக்கும் இந்நாளில் இவரது வரலாறு எண்ணிப்பார்க்கத் தக்கது.

இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிழக்குப் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது. கடல் பின்வாங்கியபின் சிப்பிகளும், சுருள் ஓட்டையுடைய அம்மோனைட்டுகளும் கல்லாகி மண்ணில் தங்கின. 1851இல் அயர்லாந்தினரான தாமஸ் ஓல்டாம் தலைமையில் உருப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இப்பகுதியைத் துருவி ஆராய்ந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக அறிவியல் நூல்களில் ஏறியது அப்போதுதான்.

திரட்டிய புதைபடிவங்கள் கல்கத்தா சென்று குவிந்தன. அவற்றை இனம் பிரித்துப் பெயரிட்டு விளக்கத் தேர்ந்த அறிஞர் ஒருவர் தேவைப்பட்டார். ஆட்சி ஆங்கிலேயருடையது, ஆயினும் ஓல்டாம் ஆங்கிலேயரை மட்டுமே நாடவில்லை. வியன்னாவில் பயின்று, ஆஸ்திரியாவின் நிலவியல் நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவை 1862இல் வேலைக்கு அமர்த்தினார். இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1838இல் பிறந்த இவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. ஆங்கிலம் அவருடைய தாய்மொழி அன்று. கல்கத்தாவின் தட்பவெப்பமும் அவர் பழகியதன்று. கைத்திறன் ஒன்றே அவருக்குப் பரிந்துரையாக நின்றது.

பெற்ற வேலைக்கு அவர் உண்மையாக இருந்தார். பிளான்ஃபோர்டு தொடங்கிவைத்த விளக்கத்தைத் தொடர்ந்து, தென்னிந்தியக் கிரட்டேசியக் கால உயிரினங்களைப் பற்றிய நான்கு தொகுதிகளை 1873இல் நிறைவு செய்தார். நம் வயல்வரப்பில் கால் இடறும் கல்லை ஐரோப்பியப் பாறைகளில் கிடைத்த கல்லோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே காலத்தின் சாட்சிகள் என்று காட்டிய பணி அது. இடையே இமயமலையின் ஸ்பிதி, கட்சு, பர்மா, நிக்கோபார் எனப் பல இடங்களுக்கும் சென்று ஆராய்ந்தார். யார்க்கந்து நாட்டுக்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவோடு போய்த் திரும்பும் வழியில், 1874 ஜூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோ என்னும் உயர்மலைத் தங்கலில் உயிர் நீத்தார். வயது முப்பத்தாறு. லே நகரில் அவருடைய கல்லறை இருக்கிறது.

அவர் வந்த வழியில் வேறு சிலரும் வந்தனர். ஜெர்மனியிலிருந்து வில்லியம் வாகன் 1870இலும், பொகீமியாவிலிருந்து ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் 1875இலும், வியன்னாவில் பிறந்த கார்ல் கிரீஸ்பாக் 1878இலும் அதே துறையில் சேர்ந்தனர். கிரீஸ்பாக் 1894இல் துறையின் தலைவராகவே உயர்ந்தார். முன்னே சென்றவரின் நேர்மையான உழைப்பு பின்னே வருவோருக்கு வாயில் திறக்கிறது என்பதை அயல்நாட்டில் வேலை பார்க்கும் எவரும் அறிவர்.

இவ்வளவும் கேட்க இனிமையானதே. ஆனால் இதே துறையின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். வியன்னாவுக்குத் திறந்த கதவு வங்காளத்துக்கு எளிதில் திறக்கவில்லை. மூல ஆராய்ச்சி இந்தியருக்குக் கைவராது என்ற எண்ணம் உயர் அலுவலரிடையே வேரூன்றியிருந்தது. 1870களில் இந்திய இளைஞர் சிலர் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டனர். உயர்பதவி அவர்களுக்குக் கிட்டவில்லை. இலண்டனில் பயின்று திரும்பிய பிரமதநாத் போஸ் 1880இல் உயர்பதவி பெற்றார். ஆயினும் 1903இல் தலைமைப் பொறுப்பு, அவருக்குப் பத்தாண்டு பின்னே வந்து சேர்ந்த தாமஸ் ஹாலந்துக்குத் தரப்பட்டது. போஸ் பணியைத் துறந்தார். பின்னர் மயூர்பஞ்சில் அவர் கண்டறிந்த இரும்புத் தாதுவே ஜம்ஷெட்பூர் உருக்காலைக்கு அடித்தளமாயிற்று.

அயலவர் ஒருவருக்குத் திறமையைப் பார்த்துக் கொடுத்த இடத்தை, மண்ணின் மகனுக்குப் பிறப்பைப் பார்த்து மறுத்தார்கள். சொந்த வீட்டிலேயே அந்நியனாவதை விடக் கொடுமை வேறென்ன? 1951இல்தான் தஞ்சை மண்ணில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் அத்துறையின் முதல் இந்தியத் தலைவரானார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்திற்குக் கல்லாய்க் கிடக்கும் மரத்தை 1940இல் அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே.

இவ்வரலாறு நம்மை இரு திசையில் நோக்கச் செய்கிறது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பலர், ஒரே வேலைக்குக் கடவுச்சீட்டின் நாட்டைப் பார்த்து ஊதியம் வேறுபடுவதைக் கண்டு மனம் புழுங்குகின்றனர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், பிற நாட்டிலிருந்து வந்த தொழிலாளி என்பதற்காக எவரும் உரிமை குறைந்தவராகக் கூடாது என்று தெளிவுறக் கற்பித்தார். நம் பிள்ளைகளுக்காக அந்த நீதியைக் கோருகிறோம், கோரவும் வேண்டும்.

மற்றொரு திசை நம் வாசல். அன்றைய கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. அவ்வாலைகளிலும் கட்டட வேலைகளிலும் வட மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம்? அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்தோமா? ஞாயிறு திருப்பலிக்கு வரும் ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞருக்கு நம் பீடத்தருகே இடம் உண்டா, அல்லது அவர் கடைசி வரிசையில் நின்று, யாரோடும் பேசாமல் வெளியேறுகிறாரா?

வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குத் தலைவர் புனித சூசையப்பர். ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குச் சென்ற அத்தச்சர் அங்கே எப்படி வேலை தேடினார் என்று நற்செய்தி கூறவில்லை. மொழி அறியாத அந்த ஊரில், உளிபிடித்த கையை மட்டும் பார்த்து யாரோ ஒருவர் அவருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கூலியில்தான் குழந்தை இயேசு உண்டு வளர்ந்திருப்பார். பெயர் தெரியாத அந்த எகிப்தியரை நினைத்துக்கொண்டு, வரும் ஞாயிறன்று கடைசி வரிசையில் நிற்கும் அயலவரிடம் முதலில் நாமே சென்று பேசுவோம்.