உடைத்தவர் யாரோ, பழி வாண்டலுக்கு

ஆங்கிலத்தில் கொடுமையைக் குறிக்கும் சொற்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால், அங்கே கொடுமை இருப்பது அபூர்வம். 'சேவேஜ்' லத்தீன் 'சில்வா'வின் வழிவந்தது. சில்வா என்றால் காடு. காட்டில் குடியிருந்ததே குற்றம்! 'பார்பேரியன்' கிரேக்க மொழி தெரியாதவன். அவன் பேச்சு கிரேக்கர் காதில் 'பர்பர்' என்று விழுந்ததாம். 'புரூட்டல்' மூலத்தில் வெறும் மந்தபுத்திதான். 'குரூயல்' மட்டும் உண்மையிலேயே ரத்த வாடையோடு வருகிறது. பச்சை இறைச்சியைச் சொன்ன லத்தீன் 'குரூடுஸ்' அதற்கு உறவு. வடமொழியிலிருந்து நாம் வாங்கிய 'குரூரம்' அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. கச்சா எண்ணெயின் 'குரூட்'டும் அதே குடும்பம்தான்.

ஆனால் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது 'வாண்டல்'. சிலையைச் சிதைப்பவன், பொதுச்சொத்தை நொறுக்குபவன் என்று இன்று அதற்குப் பொருள். வாண்டல்கள் ஒரு ஜெர்மானியக் குடியினர். கி.பி. 429இல் கைசெரிக் தலைமையில் ஸ்பெயினிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டினார்கள். 439இல் கார்தேஜைப் பிடித்தார்கள். 455இல் ரோமுக்குள் புகுந்து 14 நாள் கொள்ளையடித்தார்கள். ஜூப்பிடர் கோயிலின் பொன்முலாம் கூரையில் பாதியைப் பெயர்த்தார்கள். அரசியையும் அவள் மகள்கள் இருவரையும்கூடக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் கொலையும் தீவைப்பும் வேண்டாமென்று போப் முதலாம் லியோ கேட்டதைப் பெரும்பாலும் மதித்தார்கள். அள்ளிக்கொண்டு போவது வேறு, உடைத்துப் போடுவது வேறு. 410இல் இதே ரோமைச் சூறையாடிய கோத்துகளின் பெயரோ தேவாலயக் கட்டடக்கலையில் ஒட்டிக்கொண்டது. முதலில் அதுவும் வசவுதான், பிறகு மரியாதையாகிவிட்டது.

வாண்டல்களின் பெயரை நிரந்தரமாகக் கெடுத்தவர் ஆன்ரி கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். புரட்சியின்போது 1793இல் செயின்ட் டெனிஸில் அரசர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். பாரிஸ் நோத்ருதாம் தேவாலய முகப்பில் நின்ற யூதேய அரசர் சிலைகளைப் பிரெஞ்சு ராஜாக்கள் என்று நினைத்துத் தலையைத் துண்டித்தார்கள். (அவற்றில் 21 தலைகள் 1977இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன.) 1794இல் புரட்சி மன்றத்தில் இந்த நாசத்தைக் கண்டித்து அறிக்கை வைத்த கிரெகுவார், இதை 'வாண்டலிசம்' என்றார். செயலை ஒழிக்கவே சொல்லை உண்டாக்கியதாகப் பின்னாளில் எழுதினார். அவரும் புரட்சிக்காரர், சொந்த ஊர்க்காரர்கள் பெயரையா வைப்பார்? வாண்டல் ராஜ்யம் 534இலேயே பைசாந்தியப் படையிடம் வீழ்ந்திருந்தது. ஆட்சேபிக்க ஒரு வாண்டலும் மிச்சமில்லை.