பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க!

பொள்ளாச்சியில் 2015-ல் தொடங்கிய சர்வதேச பலூன் திருவிழா, பொங்கலையொட்டி நடப்பது வழக்கம். குழந்தைகளைக் கூட்டிப் போய், பலூன் பறக்காமல் ஏமாந்து திரும்பாமல் இருக்க சில டிப்ஸ்.

எப்போ போகணும்?
விடியும் முன்பே மைதானத்தில் இருங்க. வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று மேலெழும்பி தாறுமாறாக வீசும். அதனால்தான் பலூன்களை அதிகாலையில் பறக்கவிடுகிறார்கள்.

ஏன் ரத்தாகிறது?
பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. பர்னரை வைத்து பைலட் உயரத்தைத்தான் மாற்ற முடியும்; திசை காற்றின் கையில். பலத்த காற்று, மழை என்றால் பறக்க மாட்டாங்க. அது நம்ம பாதுகாப்புக்குத்தான். அதனால் ஒரே நாளை நம்பாம, இன்னொரு நாளையும் கையில் வெச்சுக்கோங்க.

டிக்கெட் எடுக்கும் முன்...
நுழைவுக் கட்டணத்தில் சவாரியும் சேருமா, ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்க. கயிற்றில் கட்டிய பலூன் கொஞ்சம் மேலே போய் அதே இடத்தில் இறங்கும். கட்டாத பலூன், காற்று கொண்டுபோகும் இடத்தில்தான் இறங்கும்.

மைதானத்தில் கவனம்!
கயிறு, பர்னர், காற்றடிக்கும் ராட்சத ஃபேன் பக்கம் குழந்தைகளை விடாதீங்க. சவாரிக்குப் பருத்தி உடை, ஷூ, தொப்பி நல்லது.