கலப்புலோகச் சக்கரங்களைத் தூய்மையாக்கல்

அலாய் வீல் எனப் பரவலாக அழைக்கப்படும் கலப்புலோகச் சக்கரங்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. மெல்லிய பூச்சு ஒன்று இவற்றின் மேற்பரப்பைக் காக்கிறது.

சக்கரத்தில் படியும் கரும்பழுப்புத் தூள் வெறும் சாலைப் புழுதியன்று. பிரேக் பிடிக்கும்போது வார்ப்பிரும்புத் தட்டிலிருந்தும் பிரேக் கட்டையிலிருந்தும் தேய்ந்து உதிரும் துகள்களே அதில் மிகுதி. சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து துருப்பிடிக்கின்றன. நாட்பட்டால் நீரில் நீங்குவதில்லை.

அலுமினியம் ஈரியல்புடையது, வலுவான அமிலமும் காரமும் அதனை அரிக்கும். எனவே பூச்சில் கீறல் விழுந்த சக்கரங்களுக்கும், பூச்சின்றி மெருகிட்டவற்றுக்கும் நடுநிலைத் தூய்மையாக்கிகளே ஏற்றவை. தயோகிளைக்கோலேட்டு உப்பு கலந்தவை இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறம் பெறும். முடியைச் சுருளாக்கும் மருந்திலும் இவ்வகை உப்பு உண்டு; அதே கெட்ட நாற்றம் இங்கும் வீசும்.

சில கடுமையான தூய்மையாக்கிகளில் ஐதரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைடோ இருக்கும். வீட்டுப் பயன்பாட்டில் இவற்றைத் தவிர்ப்பதே முறை. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம். ஆயினும் புளோரைடு உள்ளே ஊடுருவி, உடலிலுள்ள கால்சியத்தைப் பிணைத்து, இதயத் துடிப்பையும் குலைக்கக்கூடும். பட்ட இடத்தை உடனே நீரால் நன்கு கழுவி, வலி இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கு கால்சியம் குளுக்கோனேட்டு மருந்தாகப் பயன்படுத்தப்படுகிறது.

எந்தத் தூய்மையாக்கியாயினும், கையுறை அணிந்து, சக்கரம் ஆறிய பின்னரே இடவேண்டும். சூட்டில் அது உலர்ந்து கறையாகிவிடும். ஒவ்வொரு சக்கரமாக மென்தூரிகையால் தேய்த்து, உலருமுன் கழுவிவிடுவது நன்று.