ஆட்டிசம் என்னும் பெயர் விரிந்த கதை

சென்னைத் தெருவில் ஓடும் ஆட்டோவும், யாழ்ப்பாணத்துச் சந்தியில் நிற்கும் ஓட்டோவும், குழந்தை மருத்துவர் தாளில் எழுதித் தரும் ஆட்டிசமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்பச் சற்றுத் தயங்குவீர்கள். மூன்றுக்கும் தாய், ‘தான், தானே’ எனப் பொருள்படும் ‘அவுடோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். தமிழகத்தில் ஆகாரமாக ஒலிப்பது ஈழத்தில் ஓகாரமாக ஒலிப்பதால் ஆட்டோ அங்கே ஓட்டோ ஆனது போலவே ஆட்டிசமும் ஓட்டிசம் ஆயிற்று. தானே ஓடும் வண்டிக்குத் ‘தானி’ என்றும் தானே உந்திச் செல்வதற்குத் ‘தானுந்து’ என்றும் பெயர் சமைத்த நம் சொல்லாக்கக்காரர்கள் அந்தக் கிரேக்க வேரைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். சொல்லின்பம் மிக்கவர்க்கு இங்கே ஒரு வழுக்கும் இடமும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், ஆகவே ஆட்டு என்னும் வினையில் பிறந்ததே ஆட்டிசம் எனச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். ஒலி ஒப்புமை வேர் ஒப்புமை ஆகாது, நாக்கை அடக்கிக்கொள்வோம்.

ஈற்றில் நிற்கும் ‘இசம்’ இன்னொரு பொறி. மார்க்சிசம், கம்யூனிசம் என்று கேட்டுப் பழகிய காது அதைக் கொள்கை என்று எண்ணும். அந்த இசத்தைத்தான் நாம் ‘இயம்’ ஆக்கி மார்க்சியம், பெண்ணியம் என அழகாக வழங்குகிறோம். மூட்டுவலியைக் குறிக்கும் ரூமட்டிசத்தின் ஈற்றில் நிற்பதும் இசமே, ஆனால் அங்கே கொள்கை ஏது? அது நிலையைச் சுட்டும் ஈறு. ஆக, தான் என்னும் முதனிலை, நிலை என்னும் இறுதிநிலை, இரண்டும் புணர்ந்த பெயர் இது: தன்னில் நிற்கும் நிலை.

இந்தப் பெயரை முதலில் வார்த்தவர் சூரிச் நகரத்துப் புர்கோல்ஸ்லி மருத்துவமனையின் தலைவர் ஆய்கன் பிளாய்லர். காலம் 1910, 1911. மனச்சிதைவுக்கு ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்னும் பெயர் தந்தவரும் அவரே. ஹேவ்லாக் எல்லிஸ் ஆக்கி ஃபிராய்ட் பரப்பிய ‘ஆட்டோ எரோட்டிசம்’ என்னும் தற்காமச் சொல்லை எடுத்து, அதன் நடுவிலிருந்த ஈரோஸ் என்னும் காமக் கடவுளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, தலையையும் வாலையும் ஒட்டினால் கிடைப்பது ஆட்டிசம். நடுவெழுத்துக் கெட்டுக் குறுகிய சொற்கள் தமிழிலும் உண்டு, ஆயினும் ஒரு தெய்வத்தையே இடைக்குறையாக்கிய சொல் வேறெங்கும் கிடைப்பது அரிது. பிளாய்லர் அதைக் குழந்தைகளுக்காக ஆக்கவில்லை. மனச்சிதைவுற்ற பெரியவர்கள் புற உலகை விட்டு நீங்கித் தம் உள்ளே விரியும் கனவுகளில் அமிழ்ந்து வாழ்வதையே அவர் அப்படி அழைத்தார். கற்பனை மிகுந்தமையே அன்று ஆட்டிசம். இந்தப் பொருளைச் சற்று மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கன்னர், எட்டுச் சிறுவர் மூன்று சிறுமியர் எனப் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பழஞ்சொல்லை இரவல் வாங்கினார். பிளாய்லரின் நோயாளிகள் உலகத்தோடு உறவாடிப் பின் விலகியவர்கள். கன்னரின் குழந்தைகளோ முதலிலிருந்தே தனித்து நின்றவர்கள். விலகல் என்னும் வினை நிகழாமலே விலகியவர் என்னும் பெயர் அவர்களுக்கு வந்து ஒட்டியது.

கன்னர் குறித்துவைத்தவற்றுள் தமிழ் இலக்கணம் அறிந்தவரைத் துள்ள வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகள் தம்மை ‘நீ’ என்றார்கள். தாய் தம்மைக் கேட்ட கேள்வியை, அதே சொல்லும் அதே இசையும் மாறாமல், தம் வேண்டுதலாகத் திருப்பிச் சொன்னார்கள். நம் இலக்கணம் பேசுவோனின் இடத்துக்கு வைத்த பெயர் தன்மை. அதுவும் ‘தன்’ என்பதன் வழி வந்ததே. ‘தன்’ என்னும் பொருளால் பெயர் பெற்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்குத் தன்மையிடம் கைவரவில்லை, முன்னிலையே அவர்களுக்குத் தன்மை ஆயிற்று. இன்னும் நுணுகினால், ‘தான்’ என்பது நமக்குப் படர்க்கைப் பெயர். கிரேக்கத்து அவுடோஸும் வேற்றுமை ஏற்கும்போது ‘அவனை, அவனுக்கு’ என்று படர்க்கையாகவே நிற்கும். மூவிடமும் இப்படி ஒரு பெயருக்குள் கலந்து கிடக்கின்றன. தமிழ்க் குழந்தையிடம் இதே இயல்பு வேறு முகம் காட்டும். பால் வேண்டிய குழந்தை ‘பால் வேணும்’ என்னாமல் ‘பால் வேணுமா?’ என்னும். ‘வேணும்’ இடம் காட்டாத வினை, பெயரோ தொக்கி நிற்கிறது. ஆகவே இடமயக்கம் முழுவதும் ஈற்றிலுள்ள ஆகார வினாவில் போய் ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலப் பிள்ளையின் ‘நீ’யை மட்டும் தேடும் மருத்துவர் தமிழ்ப் பிள்ளையின் ‘ஆ’வைத் தவறவிடக்கூடும்.

கன்னருக்கு அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் இதே சொல்லை வேறு சிறுவர்கள் மேல் ஏற்றினார்; அவர்களோ பேச்சு வளம் மிக்கவர்கள். இருவருக்கும் முன்பே, 1925இல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி நுட்பமாக எழுதியிருந்தார். அவர் இட்டது வேறு பெயர், ஆதலால் அவர் எழுத்து நெடுங்காலம் கண்ணில் படவில்லை. பெயர் மாறினால் முன்னோடியும் மறைந்துபோவார் என்பதற்கு அவரே சான்று. அஸ்பெர்கரை ஆங்கில உலகம் அறியச் செய்தவர் இலண்டனின் லோர்னா விங். கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஜூடித் கூல்டுடன் சேர்ந்து ஆய்ந்து 1979இல் வெளியிட்ட அவர், இது ஒரு வேலிக்குள் அடங்கும் நோயன்று, பேசாத பிள்ளை தொடங்கி ஓயாது பேசும் பிள்ளை வரை நீளும் ஒரு தொடர்ச்சி என்று கண்டார். வானவில்லின் நிறங்களுக்கு நம் அறிவியல் பாடநூல் வைத்த ‘நிறமாலை’ என்னும் சொல் அதற்குப் பொருத்தமாகவே அமைகிறது. ஊதா எங்கே முடிந்து நீலம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. விங் சுட்டிய அடையாளங்களில் ஒன்று கற்பனை குன்றியிருத்தல். மடியில் முடிந்ததை இப்போது அவிழ்த்துப் பாருங்கள்: கற்பனை மிகுதிக்கு வைத்த பெயர் எழுபது ஆண்டுக்குள் கற்பனைக் குறைவுக்குப் பெயராகிவிட்டது. ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து தீமணத்துக்கு நகர்ந்ததை அறிந்த நமக்கு இது வியப்பில்லை, ஆனால் இத்தனை விரைவு வியப்பே.

பெயரின் எல்லை இப்படி நகர நகர, அதற்குள் அடங்குவோர் தொகையும் நகர்ந்தது. 1966இல் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் மாவட்டத்தில், எட்டு முதல் பத்து வயது வரையுள்ள சிறாரை, கன்னர் வகுத்த அடையாளங்களை ஒட்டிக் கணக்கெடுத்தபோது கிடைத்தது 10,000 பேருக்கு 4.5. அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இல் இதற்குத் தனியிடம் தந்தது, 1987இல் வரையறையைத் தளர்த்தியது, 1994இல் அஸ்பெர்கரைச் சேர்த்தது, 2013இல் எல்லாவற்றையும் நிறமாலை என்னும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுச் சிறாரிடையே எடுத்த கணக்கில், 2000ஆம் ஆண்டு 150 பேரில் ஒருவர் என்றிருந்தது 2022இல் 31 பேரில் ஒருவர் என்றாயிற்று. எண் ஏறியதைக் கண்டவர்கள் தடுப்பூசி முதல் தண்ணீர் வரை எதையெதையோ குற்றக்கூண்டில் ஏற்றினார்கள். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்தோரை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வோ, பதிவான ஏற்றத்தில் 60 விழுக்காட்டை, 1994இல் வரையறை மாறியதும் 1995இல் புறநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்த்ததும் ஆகிய இரண்டைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றது. எஞ்சியதற்குப் பெற்றோர் வயது போன்ற வேறு காரணங்கள் தேடப்படுகின்றன. நோயே சிறிதும் பெருகவில்லை என்று அடித்துச் சொல்லவும் இயலாது. ஆனால் ஏற்றத்தின் பெரும்பங்கு அகராதியில் நிகழ்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரே வரையறை, ஒரே நாடு, ஒரே ஆண்டு என்றாலும் எண்கள் ஒத்துப்போவதில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சஸ் ஊராகிய லரேடோவில் ஆயிரத்துக்கு 9.7, கலிபோர்னியக் களத்தில் ஆயிரத்துக்கு 53.1. ஐந்து மடங்குக்கு மேல். கலிபோர்னியாவில் குழந்தை மருத்துவர்களுக்கு இதை இளமையிலேயே இனங்காணும் பயிற்சி தந்திருந்தார்கள். பெயரை அறிந்தவர் இருந்த இடத்தில் பெயர் பெற்றவர் மிகுந்தனர். முற்காலக் கணக்குகளில் வெள்ளையினக் குழந்தைகளே மிகுதி. இப்போது அது தலைகீழாகி, ஆசிய, கறுப்பின, இசுப்பானியக் குழந்தைகளின் வீதம் அவர்களைத் தாண்டிவிட்டது. ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைப் போல 3.4 மடங்கு என்னும் கணக்கும் பழைய பதினொருவரின் எட்டுக்கு மூன்றைவிடச் சற்று மிகுந்தே நிற்கிறது. பிறரைப் பார்த்து அவர்களைப் போல நடித்துத் தம்மை மறைத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள் கணக்குக்கு வெளியே எத்தனை பேரோ.

கொரியாவின் கதை இன்னும் சுவையானது. அங்கே பெயர் ‘சாபே’. தன்னைக் குறிக்கும் ஒரு சீன எழுத்தும் அடைத்தலைக் குறிக்கும் ஒரு சீன எழுத்தும் சேர்ந்தது, சப்பானியர் வழங்கும் அதே இணை. தன்னடைப்பு என்போம். குடும்பத்தில் ஒருவருக்கு இப்பெயர் விழுந்தால் உடன்பிறந்தவர் திருமணமும் தடைப்படும் என்று அஞ்சிய பெற்றோர், தாயின் பாசக்குறையால் வந்த ‘பற்றுதல் கோளாறு’ என்னும் பெயரையே விரும்பி ஏற்றார்கள் என மானுடவியலாளர் ராய் ரிச்சர்டு கிரிங்கர் எழுதியிருக்கிறார். தாய்மேல் பழி விழும். ஆனால் குலத்தின்மேல் கறை விழாது, பிள்ளையும் தேறிவிடும் என்னும் நம்பிக்கை. பின்னர் கோயாங் நகரத்தில், சாதாரணப் பள்ளிகளுக்குள்ளும் புகுந்து ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள ஏறத்தாழ 55,000 சிறாரைக் கணக்கில் கொண்டு ஆராய்ந்தார்கள். 2011இல் வெளிவந்த விடை 2.64 விழுக்காடு, அன்றைய அமெரிக்க எண்ணைவிட மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் எந்தப் பெயரும் பெறாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அமெரிக்காவின் மினியாபொலிசில் குடியேறிய சோமாலியர்களின் மொழியில் இதற்குப் பெயரே இருக்கவில்லை; சுவீடனில் குடியேறிய அவர்கள் உறவினரோ இதைச் ‘சுவீடன் நோய்’ என்றார்கள். புதிதாய் வந்த இடத்தில்தான் பெயரைக் கேட்டார்கள், ஆகவே அந்த இடமே பெயராயிற்று. வெள்ளைக்காரன் கொணர்ந்த நோயைப் ‘பறங்கிப்புண்’ என்ற நமக்கு இந்த மனம் புரியும். மினியாபொலிசில் முறையாக எண்ணி 2013இல் வெளியிட்டபோது சோமாலியரில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையரில் 36 பேருக்கு ஒருவர். கருதத்தக்க வேறுபாடு இல்லை.

இனி நம் முற்றம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நுழைந்தது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊனப் பட்டியலில் மறுபடியும் இல்லை, 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் இடம்பெற்றது. பட்டியலில் பெயர் இல்லாதவரை எண்ணுவது எங்ஙனம்? ஒருகால் மனவளர்ச்சிக் குறைவு என்னும் கட்டத்தில் விழுந்திருப்பார்கள், அல்லது ‘பேச்சு கொஞ்சம் லேட்டு, அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்’ என்னும் பாட்டியின் கட்டத்தில்.

தமிழில் ஆக்கிய பெயர்களுள் ‘மதியிறுக்கம்’ முன்னிற்கிறது. இறு என்னும் அடியிலிருந்து இறுகு, இறுக்கு, இறுக்கம் எனக் கிளைத்த குடும்பம் ஒலியிலேயே பொருளைக் காட்டும். வல்லின றகரம் ஏறி ககரம் இரட்டித்து நிற்பதைச் சொல்லிப் பாருங்கள், வாயே இறுகும். அழகான சொல்தான். ஆனால் நாளிதழ்கள் இதை ‘மன இறுக்கம்’ ஆக்கிவிட்டன. அலுவலகக் கவலைக்கும் தேர்வுப் பதற்றத்துக்கும் வழங்கும் அதே தொடர் அது. மன இறுக்கம் போக்கும் ஆசனங்கள் என்னும் கட்டுரையைப் படிக்கும் தாய், தன் பிள்ளைக்கும் அது தளர்ந்துவிடும் என்று நம்பினால் குற்றம் யாருடையது?

அரசு ஏடுகளில் வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்னும் அடைமொழி என்னை நெடுநேரம் நிறுத்தியது. நீளம் ஒரு குறை, சிந்தனை வடசொல் என்பது இன்னொன்று, இரண்டையும் பொறுக்கலாம். பொருளைத்தான் பொறுக்க முடியவில்லை. இது 1911ஆம் ஆண்டுப் பிளாய்லரின் பொருள். உலகம் கைவிட்ட அந்த விளக்கம் தமிழில் புதிதாகப் பிறந்த பெயருக்குள் புதைபடிவமாய்க் கிடக்கிறது. 2013இன் வரையறையோ ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலையும் அடையாளமாகச் சேர்த்தது. மிக்சியின் இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையிடம் புற உலகம் இல்லை என்பதா? அளவுக்கு மீறி இருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி மொழிக்குச் சொற்கள் ஆக்கித் தந்த கெரி ஒபாய் ‘தகிவாதங்கா’ என்றார்: தனக்கே உரிய காலமும் இடமும் என்னும் தொடரிலிருந்து எடுத்தது. அவுடோஸின் ‘தன்’ அப்படியே இருக்க, அடைப்பும் இறுக்கமும் இல்லை. பொறாமை எழுகிறது. ஆனாலும் இதைப் பார்த்து நாமும் ஒன்று செய்வோம் என்று கிளம்புவதற்குமுன், நம்மிடம் ஏற்கெனவே விளைந்துவருவதைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் யெஸ். பாலபாரதி தம் நூலுக்கு வைத்த பெயர் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’. தூய தமிழ்மேல் காதல் கொண்ட நானும் இங்கே கடன்சொல்லின் பக்கமே நிற்கிறேன், ஏனெனில் அதில் தவறான பொருள் எதுவும் தமிழ்க் காதுக்குக் கேட்பதில்லை. அந்தக் கடன்சொல்லோடு தமிழ் ஈறு புணர்ந்து ‘ஆட்டிச நிலையாளர்’ என ஒரு சொல் இப்போது நடமாடுகிறது. எழுத்தாளர், தொழிலாளர் என்பவற்றில் நிற்கும் அதே ‘ஆளர்’. நோயாளியிலும் முதலாளியிலும் அதன் உடன்பிறப்பான ‘ஆளி’ நிற்கிறது, ஆகையால் ஈற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆள் என்னும் அடி யாரோடும் பாகுபாடின்றிச் சேரும். வேலை செய்வது நடுவிலுள்ள ‘நிலை’. கிரேக்க இசத்துக்கு நேர் பொருளும் அதுவே.