இருபதுக்குப் பன்னிரண்டு

போன வாரம் என் பேத்தி ஒரு தாளை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல சர்டிபிகேட் எல்லாம் பார்த்தவர்தானே? என்னோட சி.ஜி.பி.ஏ. 7.6. வேலைக்கு விண்ணப்பத்துல குறைஞ்சது 70 சதவீதம் வேணும்னு போட்டிருக்காங்க. எனக்கு 70 இருக்கா இல்லையா?" என்றாள்.

பட்டம் வாங்கியவளுக்குத் தன் மார்க் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதில் நூற்றுக்கு இத்தனை என்ற வரியே இல்லை. எழுத்துகளும், கிரெடிட்டுகளும், கடைசியில் ஒரு தசம எண்ணும்தான் இருந்தன. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இந்தத் தாள் புதிராக இருக்கும் என்பதால், அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஓர் எடை உண்டு. வாரத்தில் எத்தனை மணி நேரம் நடக்கும் பாடம் என்பதைப் பொறுத்தது அது. மாணவர் வாங்கும் மார்க்கைப் பல்கலைக்கழகம் ஓர் எழுத்தாக மாற்றுகிறது. அந்த எழுத்துக்கு ஒரு புள்ளி. பல்கலைக்கழக மானியக் குழு 2015 வாக்கில் எல்லோருக்கும் பரிந்துரைத்த பட்டியலில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி என்ற வெறும் பாஸ் 4, எஃப் என்றால் பூஜ்யம். (பாஸுக்குப் போடும் பி வேறு, பி கிரேடு வேறு. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள். தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன, என் தவறல்ல.)

ஒரு செமஸ்டரில் நாலு பாடம் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி, அது 32. இன்னொரு 4 கிரெடிட்டில் 7 புள்ளி, 28. 3 கிரெடிட்டில் 10 வாங்கினால் 30. 2 கிரெடிட்டில் 6 என்றால் 12. கூட்டினால் 102. கிரெடிட்டுகளின் கூட்டல் 13. 102-ஐ 13-ஆல் வகுத்தால் 7.85. இதுதான் அந்த செமஸ்டரின் சராசரி. எல்லா செமஸ்டரையும் சேர்க்கும்போதும் இதே மாதிரி கிரெடிட்டால் பெருக்கித்தான் சேர்க்க வேண்டும். 20 கிரெடிட் செமஸ்டரில் 8, 24 கிரெடிட் செமஸ்டரில் 7 வாங்கியவருக்குச் சராசரி 7.5 அல்ல, 7.45. இந்த இடத்தில் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். என் பேத்தியும் தடுமாறித்தான் இருந்தாள்.

கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நான் பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கு!

எங்கள் பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சில் படித்தவர்களுக்கு எல்லாமே இருபதுக்குத்தான். பாடத்துக்குப் பாடம் 'கொயெஃபிசியான்' என்று ஓர் எண் இருக்கும். கணக்கில் வாங்கிய மார்க்கை அதன் கொயெஃபிசியானால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கொயெஃபிசியான்களின் கூட்டலால் வகுத்தால் நம் 'முவாயென்', அதாவது சராசரி. 10 வந்தால் பாஸ். 12 வந்தால் 'அசே பியேன்', பரவாயில்லை ரகம். 14 'பியேன்', நன்று. 16-க்கு மேல் 'த்ரே பியேன்', மிக நன்று. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு, மிச்சம் இருப்பதுதான் மாணவனுக்கு என்று பிரெஞ்சு வாத்தியார்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. எங்கள் முசியேக்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 12 வாங்கியவன் அன்று வீட்டுக்கு ஓடித்தான் போவான்.

பிரான்சிலும் ஆதியில் இருபது கிடையாது. பக்கலோரயா தேர்வை 1808-ல் நெப்போலியன் ஏற்படுத்தினார். அந்த நூற்றாண்டில் தேர்வாளர்கள் பந்து போட்டு முடிவு சொன்ன காலம் ஒன்று இருந்தது. வெள்ளைப் பந்து ஏற்பு, கருப்பு மறுப்பு, சிவப்பு இரண்டுக்கும் நடுவே. பள்ளித் தேர்வுகளுக்கு இருபது நிலையாக வந்தது 1890-ல்.

அமெரிக்காவில் வேறு கதை. யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785-ல் தேர்வெழுதிய 58 பேரை நாலு தரமாகப் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எழுத்துக் கிரேடு பிறகு வந்தது. மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி 1897-ல் ஏ முதல் இ வரை வைத்திருந்தது. 95-க்கு மேல்தான் ஏ, 75-க்குக் கீழே போனால் தோல்வி.

கிரெடிட் வந்த வழிதான் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குப் பிடிக்கும். ஆண்ட்ரூ கார்னகி என்ற இரும்புக் கோடீஸ்வரர் 1905-ல் கல்லூரிப் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? அவர் வைத்த அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. அப்படி 14 அலகு படித்தவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்குத்தான் பென்ஷன். கல்லூரிகள் அவசர அவசரமாக மணிக் கணக்குக்கு வந்து சேர்ந்தன. படிப்பை மணியால் அளக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு வாத்தியார்களின் பென்ஷனும் ஒரு காரணம்! பைல் நகர்ந்தது பென்ஷனால்தான் என்றால் நமக்கு ஆச்சரியமா என்ன.

இந்தியாவுக்கு இது வந்ததில் கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் பங்குண்டு. 1959-ல் தொடங்கிய அதற்கு ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் துணை நின்றன. செமஸ்டரும் எழுத்துக் கிரேடும் அங்கே ஊன்றின. நம் ஊர்க் கல்லூரிகள் அப்போது மதராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, நூற்றுக்கு 60 வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற உலகம்.

இருபதும் நூறும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஊர் நம் ஊர். அதில் நான் செய்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் ஓர் அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தர். ஒரு பதவிக்கு வந்த விண்ணப்பங்களை மார்க் வாரியாகப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை நீக்கிவிட வேண்டும். விண்ணப்பங்களில் ஒன்று பிரெஞ்சுச் சான்றிதழ். எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர், எங்கள் பள்ளியில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். சராசரி 11.8. சூப்பிரண்டிடம் எடுத்துக்கொண்டு போனேன். "இருபதுக்கு இவ்வளவுன்னா நூறுக்கு எவ்வளவு? அஞ்சால பெருக்குப்பா" என்றார். பெருக்கினேன். 59. சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அந்த 11.8 என்ன பொருள் என்று அந்த செக்‌ஷனில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிரெஞ்சு முறையில் 12-ஐ நெருங்கியவர் நம் முறையில் 59-க்காரர் இல்லை என்று நாலு வரி நோட் போட்டு பைலை மேலே அனுப்பியிருக்கலாம். ஏற்றுக்கொண்டிருப்பார்களோ மாட்டார்களோ, நோட் போடுவது என் வேலை. சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, பிரெஞ்சுக்காரன் படிப்புக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று பேச்சு வரும் என்று பயம். அவர் பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினார். கடற்கரைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுச் சேதி விசாரிப்பார். பட்டியல் போட்டது நான் என்று அவருக்குத் தெரியுமா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை.

பேத்தியின் 7.6-க்கு வருகிறேன். பல பல்கலைக்கழகங்கள் பத்தால் பெருக்கச் சொல்கின்றன, 76. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குக் கிரேடு வைத்திருந்த காலத்தில் 9.5-ஆல் பெருக்கச் சொன்னது. அப்படியானால் 72.2. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பட்டியலில் 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60. அதாவது 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவது. அந்த வழியில் 68.5. ஒரே பெண், ஒரே படிப்பு. இரண்டு கணக்கில் உள்ளே, ஒன்றில் வெளியே.

அவளுடைய பல்கலைக்கழகத்தின் விதி மதிப்பெண் தாளின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பத்தால் பெருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தேன். விண்ணப்பத்தில் 76 என்று எழுதி, அதன் கீழே 'பல்கலைக்கழக விதிப்படி, நகல் இணைப்பு' என்று சேர்க்கச் சொன்னேன். "யாரு தாத்தா இதையெல்லாம் பார்க்கப் போறாங்க" என்று முணுமுணுத்தாள். பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி, அந்த விதிக்குக் கீழே நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். இந்த முறை பென்சிலால்.