பிளேட்லெட் மூளைக்குப் போன வழி

ஆஸ்பிரின் சாப்பிட்டுவரும் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிந்தால் பிளேட்லெட் ஏற்றுவது பல மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். அதன் வரலாற்றைத் தேடிப்போனால், அது தலைக்காயத்தில் சோதித்துக் கண்ட முடிவு அல்ல, வேறொரு நோயில் கிடைத்த வெற்றியை நம்பிச் செய்த ஊகம் என்று புரியும். அந்த வெற்றி பொய்யல்ல. 1910இல் பாஸ்டனில் வில்லியம் டியூக், பிளேட்லெட் மிகவும் குறைந்து இரத்தம் நிற்காமல் ஒழுகியவர்களுக்குப் பிறர் இரத்தத்தை ஏற்றினார்; எண்ணிக்கை உயர்ந்ததும் ஒழுக்கு நின்றது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1950களில் எமில் ஃப்ரைரைக் பார்த்த இரத்தப்புற்றுக் குழந்தைகள் பலரின் உயிரைப் பறித்தது இரத்தப்போக்கு. பிளேட்லெட் ஏற்றத் தொடங்கியதும் அந்தச் சாவுகள் குறைந்தன. 1969இல் மர்ஃபியும் கார்ட்னரும் அதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால்தான் உடம்புக்குள் தாக்குப்பிடிக்கும் என்று காட்டினார்கள்.

ஆனால் வெற்றி பெற்ற மருத்துவம் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கை குறையக் குறைய இரத்தப்போக்கு கூடுகிறது என்றுதான் ஃப்ரைரைக் குழுவின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது. இன்ன எண்ணுக்குக் கீழே ஆபத்து என்று அது கோடு போடவில்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 20,000 என்ற கோட்டை மருத்துவ உலகம்தான் போட்டுக்கொண்டது. 1997இல் இத்தாலிய மருத்துவர்கள் சோதித்தபோது 10,000 போதும் என்று தெரிந்தது. நம் வீடுகளில் பிளேட்லெட் என்ற சொல்லைப் பரப்பிய டெங்குவிலும் இதே கதைதான்: எண்ணிக்கை 20,000க்கு இறங்கிய பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியதால் இரத்தப்போக்கைத் தடுக்க முடியவில்லை என்று சிங்கப்பூர், மலேசிய ஆய்வு 2017இல் காட்டியது.

ஆஸ்பிரின் விஷயம் இன்னும் வேறு. அது எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும் திறனை அவற்றின் ஆயுள் முழுக்க, அதாவது பத்து நாள்வரை, மழுங்கடிக்கிறது. மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று காட்டி 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வுக்குப் பின் மாரடைப்பு நோயாளிகள் பெருமளவில் அதைச் சாப்பிடத் தொடங்கினார்கள். மழுங்கியவற்றுக்குப் பதில் புதியவற்றை ஏற்றினால் கசிவு நிற்கும் என்பது கேட்க நியாயமாகவே இருந்தது. அடிபடாமல் தானாக மூளையில் இரத்தம் கசிந்து, ஏற்கெனவே இத்தகைய மருந்து சாப்பிட்டுவந்த 190 பேரிடம் நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் மருத்துவமனைகள் நடத்திய ‘பேட்ச்’ ஆய்வு 2016இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பிளேட்லெட் பெற்றவர்களிடையே இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும்தான் அதிகம். ஏன் என்று இன்னும் தீர்மானமாக விளங்கவில்லை.

அது தலைக்காயம் பற்றிய ஆய்வே அல்ல என்று மறுப்பார்கள். மறுப்பு சரிதான். அடிபட்ட மூளையில் நசுங்கல் உண்டு, கிழிந்த நாளம் உண்டு. அங்கே விளைவு மாறலாம். ஆனால் அந்த வேறுபாட்டை வைத்துப் ‘பேட்ச்’ முடிவைத் தள்ளிவிடுபவர், இரத்தப்புற்று வார்டில் கிடைத்த நம்பிக்கையை மட்டும் எந்த வேறுபாடும் பாராமல் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவருவது எப்படி? மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்யவேண்டியவர் கணக்கு தனி. தானாகக் கசிந்தவர்களிலும் அவசர அறுவைக்குப் போகிறவருக்கு ஏற்றுவதை அமெரிக்க வழிகாட்டுதல் 2022இல் முற்றாக விலக்கவில்லை. டிக்காகிரெலார் என்ற இன்னொரு பிளேட்லெட் தடுப்பு மருந்து சாப்பிட்டவருக்கோ, மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, புதிதாக ஏற்றிய பிளேட்லெட்டும் மழுங்கிப்போகிறது.