ஆண்டிஸ் அடிவாரத்திலிருந்து அண்ணாமலை அடிவாரத்துக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஆடி பிறந்தால் மல்லாட்டை நினைப்புதான். வேர்க்கடலையின் இன்னொரு பெயரான மணிலாக்கொட்டை என்பதே இங்கே மல்லாட்டை ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸில் ஸ்பெயின்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட அதே மணிலா.

ஆனால் மணிலா இந்தப் பயிர் வந்ததாகச் சொல்லப்படும் வழி மட்டுமே. பிறந்த இடம் தென் அமெரிக்காவில், பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் ஆண்டிஸ் அடிவாரம். இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானதை அங்கிருந்த பழங்குடி உழவர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் விதை பொறுக்கிப் பயிராக்கினார்கள். பெருவின் சிப்பானில் 1987-இல் வெளிப்பட்ட மோச்சே அரசனின் கல்லறையில் ஒரு கழுத்துமாலை கிடைத்தது. அதில் கோத்திருந்தவை பொன்னிலும் வெள்ளியிலும் செய்த பெரிய பெரிய வேர்க்கடலைகள். அரசனோடு புதைக்கும் அளவுக்கு அந்த மக்கள் இதை மதித்திருக்கிறார்கள்.

பிறகு ஸ்பெயின் வந்தது. 1565-இல் ஊர்தானெத்தா என்ற ஸ்பானிய மாலுமி பசிபிக்கைக் கடந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடித்ததும், அங்குள்ள அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1815 வரை ஓடின. ஒரு முனையில் சான் தியேகோ கோட்டை, மறுமுனையில் சாந்தியாகோ கோட்டை. மணிலாவுக்குப் போகும்போது வெள்ளியும் பாதிரிமார்களும். வரும்போது சீனப் பட்டும் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும். கோட்டையும் பீரங்கியும் காவல் காத்தது வெள்ளியைத்தான். மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி, வேர்க்கடலை எல்லாம் அதே கடல்வழியில் ஆசியாவுக்கு இறங்கின. பசியாற்றியவை அவைதான்.

மணிலா சென்னைக்கு அந்நிய ஊர் அல்ல. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் சம்பாதித்தவர். போர்வழித் தொடர்பும் உண்டு. 1760-இல் நம் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையோடு மோதிய பிரிட்டிஷ் 79-ஆம் படைப்பிரிவு, இரண்டே ஆண்டில் சென்னையிலிருந்து கப்பலேறி மணிலாவின் மதிலை உடைத்தது. கூடப் போன சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே கைந்தாவில் குடியேறிவிட்டார்கள்.

இங்கே வந்த கொட்டை பெரும்பயிரானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸின் மார்செய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஆற்காட்டு மாவட்டங்களின் செம்மண் கொல்லைகள் அதற்காகவே உழப்பட்டன. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம், குடியாத்தம் பக்கத்துக் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. அமெரிக்க விதை அதற்குள் ஆற்காட்டு விதையாகியிருந்தது.

இந்தச் செடியின் வளர்ச்சியே அதிசயம். பூப்பது மண்ணுக்கு மேலே. பூ வாடியதும் விழுது ஒன்று கீழிறங்கி மண்ணைத் துளைத்து, உள்ளே போய்க் காயாகிறது. மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. அதனால்தான் 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள். அந்த வாரம் ஒரு மழை தவறினால் காய் பொக்காகிவிடும். மழை தப்பாமல் பெய்தாலும் காட்டுப்பன்றி விடுவதில்லை. ராத்திரியெல்லாம் டார்ச் லைட்டோடு கொல்லையில் உட்கார வேண்டும். பிடுங்கிப் போட்ட கொடியைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வது பெரும்பாலும் பெண்கள். ஆய்ந்து, காயவைத்து, மூட்டை கட்டி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோனால், எல்லாரும் ஒரே சமயத்தில் கொண்டுவருவதால் விலை இறங்கியிருக்கும்.

பேரரசுகள் போன பின்னும் இந்த விதை நிலைத்திருப்பதற்குக் காரணம், அடுத்த ஆடிக்கென்று நல்ல காயாகப் பொறுக்கி எடுத்துவைக்கும் உழவர்கள். அவர்கள் கைவிட்டால் பயணம் இங்கேயே நின்றுவிடும். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. அதனால் கிரிவலம் வருபவர்கள் திரும்பும்போது இந்த மாவட்டத்துச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் ஒரு லிட்டராவது வாங்கிப் போங்கள்.